வானத்துப் பறவைகளும் வகுப்பறைக் கதவுகளும்

மலைப்பொழிவில் ஆண்டவர் இயேசு கவலையைப் பற்றிப் பேசும் பகுதி மறையுரையாளர்களுக்கு மிகவும் பழகிய பகுதி. திருமணத் திருப்பலியிலும் அதை எடுத்துரைக்கிறோம். அடக்கத் திருப்பலியிலும் எடுத்துரைக்கிறோம். பறவைகளையும் காட்டு மலர்களையும் ஒரு நொடி தொட்டுவிட்டு, இறைவனின் பராமரிப்பு என்னும் கருத்துக்கு விரைந்து சென்றுவிடுவது குருக்களிடையே உள்ள வழக்கம். குருமடத்தில் நமக்குக் கிரேக்கம் கற்பித்த பேராசிரியர் அப்படி விரைய விடவில்லை. அப்பகுதியில் வரும் இரண்டு வினைச்சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார். பறவைகளைக் குறித்து வரும் சொல் 'எம்ப்ளெப்சாத்தே'. ஊன்றிப் பாருங்கள் என்பது பொருள். மலர்களைக் குறித்து வரும் சொல் 'கத்தமாத்தெத்தே'. நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள், முழுமையாகப் பயிலுங்கள் என்பது பொருள். சீடன் என்று பொருள்படும் 'மத்தெத்தேஸ்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து முளைத்தது. 1995இல் வெளிவந்த நமது பொது மொழிபெயர்ப்பு 'கவனியுங்கள்' என்று தருகிறது. நல்ல சொல்தான், ஆயினும் அதனுள் ஒரு பள்ளிக்கூடமே அடங்கியிருப்பதை நாம் பெரும்பாலும் உணர்வதில்லை.

இன்னொன்றையும் அந்தப் பேராசிரியர் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மலைச்சரிவில், திறந்த வெளியில் அமர்ந்திருந்தார்கள். பறவைகளைப் பாருங்கள் என்று போதகர் சொன்னபோது தலையை நிமிர்த்தினால் பறவை தெரிந்திருக்கும். நாமோ அதே வசனத்தைச் சன்னல் அடைத்த அறையில், மின்விசிறியின் கீழே, கரும்பலகையைப் பார்த்தவாறு பயில்கிறோம்.

பள்ளிப் பிள்ளைகளின் சுற்றுச்சூழல் கல்வியைப் பற்றி எழுதத் தொடங்கி மலைப்பொழிவுக்குள் புகுந்துவிட்டோம் என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். இரண்டும் நமக்கு ஒரே செய்தியாகவே தோன்றுகின்றன.

சுற்றுச்சூழல் குறித்த கல்வி பள்ளிகளில் கட்டாயமாக இடம்பெற வேண்டும் என்று நாட்டின் உச்சநீதிமன்றம் 1991ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஆணையிட்டது. வரவேற்க வேண்டிய ஆணை. அதன் பயனாகப் பாடங்கள் வந்தன, படங்கள் வந்தன, வினாக்களும் வந்தன. 'சுற்றுச்சூழலைப் பாதுகாக்கும் வழிகள் ஐந்தினை எழுதுக' என்ற வினாவுக்கு நமது மாவட்டத்துப் பிள்ளைகள் எவரும் விடை எழுதத் தவறுவதில்லை. மரம் வளர்த்தல், நெகிழியைத் தவிர்த்தல் என்று ஐந்தும் வரிசை பிறழாமல் வந்துவிடும். ஐந்து மதிப்பெண்ணும் வந்துவிடும். தேர்வறையின் சன்னலுக்கு வெளியே நிற்கும் மரத்தின் பெயரைக் கேட்டால்தான் விடை வராது.

சூன் 5ஆம் நாள் உலகச் சுற்றுச்சூழல் நாளாகக் கொண்டாடப்படுவதை அறிவோம். அன்று பள்ளிகளில் மரக்கன்று நடுவார்கள். தாளாளர் நடுவார், சிறப்பு விருந்தினர் நடுவார், நிழற்படமும் எடுப்பார்கள். ஆனால் நெல்லைச் சீமையின் சமவெளிக்கு மழை தருவது ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவக்காற்று. சூன் மாதத்தில் இங்கே தென்மேற்குக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருக்கும். மண் வெந்து கிடக்கும். அந்த நாளில் நட்ட கன்று ஆடி முடிவதற்குள் காய்ந்துவிடும். மறு ஆண்டு அதே குழியில் இன்னொரு கன்று. எங்கோ ஒரு நாட்டின் வசந்தத்துக்குப் பொருந்திய நாளை நம் ஊர்ப் பிள்ளைகள் கோடையில் கொண்டாடுகிறார்கள். ஊரின் மழை எப்போது வரும் என்பதையேனும் அறிந்த பிறகு மரம் நடச் சொல்லலாமே என்று ஒரு தலைமை ஆசிரியரிடம் கேட்டோம். "சுற்றறிக்கை சூன் மாசம்தானே வருது சாமி" என்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை.

2012ஆம் ஆண்டு முதல் 2018ஆம் ஆண்டு வரை ஒரு கிராமப் பங்கில் பணியாற்றினோம். கோவிலுக்குப் பின்னால் பங்கின் நடுநிலைப் பள்ளி. பள்ளிக்குப் பின்னால் ஒரு குளம். மழை பொய்க்காத ஆண்டில் கார்த்திகையில் நிரம்பி, பங்குனி வரை தண்ணீர் நிற்கும். குளத்தின் பக்கம் இருந்த வகுப்பறைச் சன்னல்களைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். பிள்ளைகளின் கவனம் சிதறுகிறது என்பது காரணம். அறிவியல் ஆசிரியையாக இருந்த அருள்சகோதரியிடம் இதைப் பற்றிப் பேசியபோது அவர் சிரித்துக்கொண்டே, "கவனம் செதறல சாமி, அங்கதான் இருக்கு" என்றார். இரண்டாம் சனிக்கிழமைகளில் மறைக்கல்வி முடிந்ததும் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் குளக்கரைக்கு அழைத்துச் செல்வது என்று அவரும் நாமும் அன்றே முடிவு செய்தோம்.

அதற்கு நாம் வகுத்துக்கொண்ட முறை மிக எளியது. எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். கருவேல முள் குத்தாதிருக்கக் காலில் செருப்பு. கரையை விட்டு எவரும் கீழே இறங்கக்கூடாது. நம் குளங்கள் ஆண்டுதோறும் பிள்ளைகளைப் பலி கொள்வதை அறிந்தவர்கள் நாம், ஆதலால் இதில் எந்தத் தளர்வும் இல்லை. எதையும் பறிக்கக்கூடாது. முதல் பத்து நிமிடம் ஒருவரும் பேசக்கூடாது. பிறகு கண்டதை அவரவர் சொல்ல வேண்டும். பெயர் தெரிந்தால் பெயர். தெரியாவிட்டால் நிறம், கால், மூக்கு, குரல். ஊரில் வழங்கும் பெயரை முதலில் எழுதுவது, புத்தகப் பெயரைப் பிறகு எழுதுவது. எல்லாவற்றையும் ஒரே குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதிவைப்பது. இவ்வளவுதான்.

முதல் நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். கரையோரச் சேற்றில் பழுப்பு நிறத்தில் ஒரு பறவை கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு அசையாமல் நின்றது. உடன் வந்த ஆசிரியர் ஒருவர், "அதோ கொக்கு" என்று காட்டினார். பிள்ளைகளும் கொக்கு என்று எழுதத் தொடங்கினார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "சார், அது கொக்கு இல்ல, மடையான். பறக்கட்டும், பாருங்க. வெள்ளையா விரியும்." ஏழாம் வகுப்புச் சிறுவன். அவன் ஒரு மண்கட்டியைத் தண்ணீரில் எறிய, பறவை எழுந்தது. பழுப்பு மறைந்து, சிறகு இரண்டும் பால் போல விரிந்தன. பிள்ளைகள் அனைவரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். வகுப்பில் அவன் வாய் திறந்து எவரும் கேட்டதில்லை. தமிழில் தேறமாட்டான், கணக்கில் தேறமாட்டான், வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டான். அவனுடைய தந்தை பிறருடைய ஆடுகளை மேய்த்துக் கிடை போடுபவர். அந்த இரண்டு நாளும் ஆடுகளுக்குப் பின்னால் நின்றவன் இவன்தான்.

அதன்பின் வந்த மாதங்களில் அந்தச் சிறுவனிடம் நாம் கற்றது மிகுதி. வயல்வெளிப் பனையில் தொங்கிய தூக்கணாங்குருவிக் கூடுகளைக் காட்டி, பாதியில் நிற்பவை எல்லாம் பெண் குருவி வந்து பார்த்துப் பிடிக்காமல் போனவை என்றான். ஆண் குருவி பாதிக் கூட்டைக் கட்டி நிறுத்துவதும், பெண் வந்து பார்த்து ஏற்றுக்கொண்ட பிறகே மீதியை முடிப்பதும் உண்மையே. பறவை அறிஞர் சலீம் அலி 1930ஆம் ஆண்டு கொங்கணக் கரையில் உள்ள கிகிம் என்னும் ஊரில் இருந்து ஆராய்ந்து எழுதிய செய்தி அது. ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் அதே செய்தியைப் பனைமரத்து அடியில் நின்று தானே கண்டிருந்தான். கூட்டில் ஒட்டியிருக்கும் களிமண்ணில் குருவி மின்மினியைப் பதித்து விளக்கேற்றும் என்று பிள்ளைகள் கதை சொன்னபோது, "களிமண்ணு இருக்கும். மின்மினிய நான் பாத்ததில்ல" என்றான். பார்த்ததை மட்டும் சொல்பவன். இறையியல் படித்த நமக்கே எளிதில் கைவராத ஒழுக்கம் அது.

ஆனால் இந்தக் கதையில் ஒரு முள் உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதுவது முறையாகாது. அவன் பறவைகளை அவ்வளவு அறிந்திருந்ததற்குக் காரணம் அவற்றைப் பிடிப்பதுதான். கவுதாரி எந்தப் புதரில் அடையும், காடை எந்த வரப்பில் ஓடும் என்பதெல்லாம் கண்ணி வைக்கப் பழகியபோது அவன் தந்தையிடமிருந்து பெற்ற அறிவு. ஒரு சனிக்கிழமை அவனது பைக்குள் கண்ணிக் கயிற்றைக் கண்ட இன்னொரு சிறுவன் எல்லாருக்கும் முன்னால் அதை வெளியே இழுத்துப் போட்டான். பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்தார்கள். நாம் கயிற்றைச் சுருட்டி அவனிடமே கொடுத்துவிட்டு, மாலையில் வீட்டுக்கு வருவதாகச் சொன்னோம்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கவுதாரி பிடிப்பது குற்றம் என்பதை அவன் தந்தையிடம் எடுத்துச் சொன்னோம். முட்டையிடும் காலத்தில் தாயைப் பிடித்தால் அடுத்த ஆண்டு எதுவும் மிஞ்சாது என்பதையும் சொன்னோம். அது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. அவர் பேசவில்லை. அவனுடைய தாய்தான் பேசினார். "ஆசைக்கா சாமி புடிக்கோம்? இத்தன ஆட்டுக்குப் பின்னால நடக்கோம், அதுல ஒரு ஆடு எங்களுது இல்ல. கறின்னு எங்களுக்கு வாய்க்கிறதே அதுலதான். நீங்க வேண்டாம்னு சொன்னா விட்டுருதோம்."

'விட்டுவிடுங்கள்' என்று சொன்னோம். சட்டத்துக்காகவும் சொன்னோம், கவுதாரிக்காகவும் சொன்னோம். வீடு திரும்பும் வழியெல்லாம் மனம் மட்டும் ஆறவில்லை. அந்தக் குளத்தின் கீழ்ப்புறம் இருந்த புஞ்சை நிலங்களை நாம் அந்தப் பங்குக்குச் சென்ற மூன்றாம் ஆண்டில் கல் நட்டு மனைகளாக்கினார்கள். புதர்களை ஒரே நாளில் இயந்திரம் வைத்து வழித்தெடுத்தார்கள். கண்ணி வைத்த குடும்பம் அங்கே கவுதாரி இருக்கிறது என்பதையாவது அறிந்திருந்தது. மனை போட்டவர்களுக்கு அது தெரியவே தெரியாது. தெரியாததனால் அவர்கள் எந்தச் சட்டத்தையும் மீறியதாக ஆகவில்லை. இயற்கைக் கல்வி என்று சொல்லிக்கொண்டு ஏழைச் சிறுவனின் கயிற்றை மட்டும் பிடுங்குவோமானால், நாம் யாருக்குக் கற்பிக்க வேண்டியதை யாருக்குக் கற்பிக்கிறோம் என்ற கேள்வி எழாமல் இருக்குமா? திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில் பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் பிரிக்காமல் கேட்கச் சொன்னதன் பொருள் நமக்கு அந்த வீட்டுத் திண்ணையில்தான் விளங்கத் தொடங்கியது. அதே மடலின் ஆறாம் அதிகாரம் சூழலியல் கல்வியைப் பற்றியது. தகவல் தருவதோடு கல்வி நின்றுவிடக்கூடாது, பழக்கங்களை உருவாக்க வேண்டும் என்று அங்கே அவர் வற்புறுத்துகிறார். பழக்கம் என்பது ஒரு நாள் விழாவில் உருவாவதில்லை என்பதை மாதம் ஒரு முறை கரையேறிய எவரும் அறிவர்.

நமது திருச்சபைக்கு இது புதிய செய்தியும் அன்று. கொடைக்கானல் மலையில் செண்பகனூரில் இயேசு சபைத் துறவியர் உருவாக்கிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைப் பலர் கண்டிருப்பீர்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் இராப்பினா தாவரச் சேகரிப்பகத்தை நிறுவிய இயேசு சபைத் தந்தை கே. எம். மத்தேயு, தமிழகச் சமவெளிகளில் ஆண்டுக்கணக்கில் நடந்து செடி கொடிகளைத் திரட்டியவர். அவர் 1991இல் வெளியிட்ட நூல் ஒன்று, கையில் எடுத்துக்கொண்டு வெளியே நடந்து செல்வோருக்காகவே எழுதப்பட்டது. 2004இல் அவர் மறைந்தார். குருக்கள் செடியைப் பார்த்துக்கொண்டு திரிவதா என்று கேட்போர் அன்றும் இருந்திருப்பார்கள். இன்றும் நம்மிடம் கேட்கிறார்கள்.

அவர்களுக்கு எரேமியா இறைவாக்கினரைச் சுட்டிக்காட்டுவது நம் வழக்கம். எட்டாம் அதிகாரம் ஏழாம் வசனத்தில், நாரை தான் வந்து போகும் காலத்தை அறிந்திருக்கிறது, மக்களோ ஆண்டவரின் நீதியை அறியவில்லை என்று அவர் வருந்துகிறார். நாரைக்கு எபிரேய மொழியில் 'ஹசிதா' என்று பெயர். பேரன்பு என்று நாம் மொழிபெயர்க்கும் 'ஹெசெது' என்ற சொல்லோடு உறவுடையது. தன் குஞ்சுகளைப் பேணுவதில் அது காட்டும் அன்பினால் வந்த பெயர் என்று விளக்குவார்கள். பாலஸ்தீனத்து வானத்தில் ஆண்டுக்கு இருமுறை வெண்ணாரைகள் பெருங்கூட்டமாகக் கடந்து செல்வதை அனத்தோத்து என்ற சிற்றூரில் வளர்ந்த எரேமியா சிறுவனாக நின்று பார்த்திராவிட்டால், அந்த வசனம் நமக்குக் கிடைத்திருக்குமா? நீதிமொழிகள் நூலின் ஞானியும் எறும்பைப் பற்றிப் படி என்று சொல்லவில்லை. எறும்பிடம் போ என்கிறார்.

2018ஆம் ஆண்டு மே மாதத்து மாற்றத்தில் நகரப் பங்கு ஒன்றுக்கு வந்து சேர்ந்தோம். பள்ளி பெரியது, விளையாட்டுத் திடல் முழுவதும் தளக்கல் பதித்திருந்தது. ஒரு வேம்பும் இரண்டு புங்கையும் மட்டும் கல்லுக்கு நடுவே வட்டமாக விட்ட இடத்தில் நின்றன. இங்கே சிக்கல் வேறு வகையானது. கிராமத்துப் பிள்ளைகள் அறிந்திருந்தார்கள், அந்த அறிவைப் பள்ளிதான் மதிக்கவில்லை. நகரத்துப் பிள்ளைகளுக்கு அறிவதற்கே வாய்ப்பில்லை. சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூதுவிட்ட பாடலை எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அட்சரம் பிசகாமல் ஒப்பித்தாள். நாரையின் மூக்குக்குப் பனங்கிழங்கை உவமை சொன்ன புலவர் அவர். பனங்கிழங்கைத் தின்றவர்கள் யார் என்று கேட்டோம். வகுப்பு முழுவதும் கை தூக்கியது. நாரையைக் கண்டவர்கள் யார் என்று கேட்டோம். ஒரு கையும் எழவில்லை. புலவர் தம் கண்ணெதிரே கண்ட பறவையைப் பற்றியே பாடினார். பிள்ளைகள் கிழங்கை வைத்துக்கொண்டு பறவையைக் கற்பனை செய்துகொண்டிருந்தார்கள்.

பெற்றோர் கூட்டத்தில் வெளிவகுப்பைப் பற்றி எடுத்துச் சொன்னோம். தந்தை ஒருவர் எழுந்து, "இதுக்கு மார்க் உண்டா ஃபாதர்?" என்று கேட்டார். இல்லை என்றோம். "அப்ப அந்த நேரம் டியூசனுக்குப் போகும்" என்று அமர்ந்தார். தாய் ஒருவர் வெயிலைச் சொன்னார். இன்னொருவர் டெங்குக் காய்ச்சலைச் சொன்னார். வேறொருவர் சில ஆண்டுகளுக்கு முன் சுற்றுலாப் பேருந்து கவிழ்ந்த செய்தியைச் சொன்னார். இவர்களைக் கேலி செய்யும் உரிமை நமக்குக் கிடையாது. ஒரே பிள்ளையை வைத்துக்கொண்டு, கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் பெற்றோர்கள் இவர்கள். ஆனால் அதே பெற்றோர் கேரளத்தில் நீர்ச்சறுக்கு விளையாடும் கேளிக்கைப் பூங்காவுக்கு இரவுப் பேருந்தில் பிள்ளையை அனுப்பத் தயங்குவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதற்கும் மதிப்பெண் கிடையாது. பணம் கட்டிய இடத்தில் பாதுகாப்பு இருக்கும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே எப்படியோ வேரூன்றிவிட்டது.

கதவுக்கு வெளியே போக முடியாத முதல் ஆண்டில் அந்த வேம்பின் அடியிலேயே தொடங்கினோம். பத்துப் பிள்ளைகள், பத்து நிமிட மௌனம். நான்காம் நிமிடத்தில் ஒரு சிறுமி, "ஃபாதர், எப்ப முடியும்?" என்று கேட்டாள். ஒரு சிறுவன் எறும்பைக் கண்டு பெஞ்சின் மேல் ஏறி நின்றான். மூன்றாம் வாரத்தில் அதே சிறுவன் மூன்று வகை எறும்புகளைப் பிரித்து எழுதினான்: கட்டெறும்பு, சுள்ளெறும்பு, பிள்ளையார் எறும்பு. கத்தோலிக்கப் பள்ளியில் பிள்ளையார் எறும்பு என்று எழுதலாமா என்று அவன் ஐயப்பட்டது தனிக்கதை. கடிக்காத எறும்புக்கு ஊர் வைத்த பெயரை மாற்ற நமக்கு அதிகாரம் இல்லை என்று விளக்கினோம். கொரோனா முடக்கத்தால் 2020, 2021ஆம் ஆண்டுகளில் அதுவும் நின்றுபோயிற்று. மீண்டும் பள்ளி திறந்தபோது பெற்றோர் சிலரே வந்து, சனிக்கிழமை வகுப்பு எப்போது தொடங்கும் என்று கேட்டார்கள். வீட்டுக்குள் அடைபட்ட பிள்ளைகளை அவர்கள் அந்த இரண்டு ஆண்டுகளும் கண்கூடாகக் கண்டிருந்தார்கள். நாம் எடுத்துச் சொன்ன எதுவும் செய்யாததை அந்த அடைப்பு செய்திருந்தது.

2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், எழுத்து வடிவில் பெற்றோரின் ஒப்புதலைப் பெற்று, இருபத்து நான்கு பிள்ளைகளைக் கூந்தன்குளத்துக்கு அழைத்துச் சென்றோம். நாங்குநேரி வட்டத்தில் உள்ள அந்த ஊரை அறியாதவர்களுக்காகச் சில செய்திகள். மணிமுத்தாற்றுத் தண்ணீர் வந்து நிரப்பும் குளம் அது. 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 129 ஹெக்டேர். ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் அது இப்போது இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அரசு அறிவிப்பதற்கு நெடுங்காலம் முன்பே ஊரார் பறவைகளைக் காத்துவந்தார்கள். செங்கால் நாரைகள் குளத்து மரங்களில் மட்டுமின்றித் தெருவோர மரங்களிலும், வீட்டு முற்றத்து வேம்பிலும் கூடு கட்டும். எச்சத்தின் நெடி வீட்டுக்குள் வரும். எவரும் கிளையை வெட்டுவதில்லை. தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எச்சம் கலந்த குளத்து மண் வயலுக்கு நல்ல உரம். பறவை வந்தால் விளைச்சல் பெருகும் என்பது அவர்கள் நம்பிக்கை. அன்பும் பயனும் அங்கே ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை அவர்களுக்கு வரவில்லை. தண்ணீர் வராத ஆண்டில் பறவைகளும் வருவதில்லை. அந்த ஆண்டுகளில் ஊரே விழா இழந்தது போலிருக்கும்.

அந்தப் பயணத்துக்கு நம்மோடு வர ஒருவரை அழைத்திருந்தோம். பழைய பங்கின் அந்தச் சிறுவன்தான். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. இப்போது இருபத்தொரு வயது இளைஞன். அதே குளக்கரைகளில் ஆடு மேய்க்கிறான். சொந்தமாகவும் ஏழெட்டு ஆடுகள் உண்டு. செய்தி அனுப்பியபோது, "நான் வந்து என்ன சாமி சொல்லப் போறேன்?" என்று தயங்கினான். மடையானைப் பற்றிச் சொன்னது போலச் சொன்னால் போதும் என்றோம்.

பிள்ளைகளுக்கு முன்னால் முதலில் அவனுக்கு நா எழவில்லை. சீருடை, தொப்பி, தண்ணீர்க் குப்பி, ஆங்கிலம் கலந்த பேச்சு. அவன் நம் பக்கத்திலேயே ஒதுங்கி நின்றான். தெருவில் ஒரு வேம்பின் கீழ் வந்து நின்றதும் நிலைமை மாறியது. கூடுகளிலிருந்து ஒரே இரைச்சல். "பெருசு எதுவும் சத்தம் போடாது, கேட்டுப் பாருங்க. கத்துறது பூரா குஞ்சு. பெருசு மூக்க மூக்கோட தட்டும், அவ்வளவுதான்" என்றான். பிள்ளைகள் காது கொடுத்தார்கள். மேலே பலகையில் பலகை மோதுவது போன்ற ஒலி. உச்சிவெயில் ஏறும் நேரம். கூட்டின் விளிம்பில் ஒரு தாய் நாரை வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சிறகு இரண்டையும் விரித்து அசையாமல் நின்றது. சிறகு வலிக்கிறதோ என்று ஒரு சிறுவன் கேட்டான். "அதுக்கடியில பாரு தம்பி" என்றான் இளைஞன். சிறகின் நிழலுக்குள் மூன்று குஞ்சுகள். சற்று நேரத்தில் இன்னொரு நாரை குளத்துப் பக்கமிருந்து வந்து இறங்கி, அலகைத் தாழ்த்தி, கொண்டுவந்த தண்ணீரைக் குஞ்சுகளின் மேலும் வாயிலும் சொரிந்தது. அந்தப் பத்து நிமிடமும் இருபத்து நான்கு பிள்ளைகளில் ஒருவர்கூடப் பேசவில்லை. பேசக்கூடாது என்று அன்று நாம் சொல்லியிருக்கவும் இல்லை.

பாடலை ஒப்பித்த மாணவி இளைஞனிடம் சென்று, "அண்ணா, இந்த மூக்கு பனங்கிழங்கு மாதிரி இருக்கா?" என்று கேட்டாள். அவனுக்கு அந்தப் பாடல் தெரியாது. நன்றாகப் பார்த்துவிட்டு, "கிழங்கப் பொளந்தா வருமே, அது மாதிரி" என்றான். அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். 'ஹசிதா' என்ற சொல்லை அன்று மாலைச் செபத்தின்போது பிள்ளைகளுக்குச் சொன்னோம். விளக்கம் கேட்டு எவரும் கை தூக்கவில்லை.

திரும்பும் முன் ஒரு நாள் கூலியை அந்த இளைஞனின் கையில் கொடுத்தோம். வாங்கிக்கொண்டான், ஆட்டைப் பார்த்துக்கொள்ள அன்று வேறொருவரை அமர்த்தியிருந்தான், அவருக்குக் கொடுக்க வேண்டும். அவனுக்குத் தர வேண்டியதைப் பள்ளிக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கணக்கர் கேட்டார். 'ஆசிரியர் மதிப்பூதியம்' என்று எழுதச் சொன்னோம். தகுதிச் சான்று இல்லாதவருக்கு அப்படி எழுத முடியாது என்றார்; 'இதரச் செலவு' என்று எழுதி முடித்தார். அந்தத் தலைப்பை மாற்றித் தரும்படி மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம். விடை இன்னும் வரவில்லை.

பேருந்து புறப்படும்போது அவன் சன்னலருகே வந்து நின்றான். அடுத்த முறை பங்குனி பாதியிலேயே வரச் சொன்னான். ஏப்ரலில் தண்ணீர் வற்றிவிடும். வரித்தலை வாத்து எல்லாம் வடக்கே போய்விட்டிருக்கும். முன்னதாக வந்தால் அவற்றையும் பார்க்கலாம், குஞ்சையும் பார்க்கலாம் என்றான். தேதியை அவனே கேட்டுச் சொல்வதாக ஏற்பாடு.